கார்பைடு டை செட்: பயன்படுத்திய பின் என் மதிப்பீடு

.38 ஸ்பெஷல் என்ற கைத்துப்பாக்கித் தோட்டாக்களை வீட்டிலேயே மறுநிரப்பு செய்வதற்காக நான் வாங்கிய, மூன்று டைகள் (தோட்டாவை வடிவமைக்கும் அச்சுகள்) கொண்ட கார்பைடு (எஃகைவிடக் கடினமான பொருள்) செட், சுட்ட பித்தளைக் கூடுகளை மசகு தடவாமலேயே உரிய அளவுக்குச் சுருக்கிவிடுவதால், ஒவ்வொரு கூட்டையும் பிறகு துடைத்தெடுக்கும் அலுப்பான வேலை அடியோடு நின்றுவிட்டது. இந்த ஒரு வசதிக்காகவே, சாதாரண எஃகு டையைவிடக் கூடுதல் விலை கொடுத்தது சரியென்று கருதுகிறேன். ஆனால் கழுத்து குறுகிய ரைஃபிள் கூடுகளுக்கு, டை கார்பைடாகவே இருந்தாலும், மசகு தடவியே ஆக வேண்டும். தவறினால் கூடு டைக்குள் இறுகிச் சிக்கிக்கொள்ளும். .357 மேக்னம் கூடுகளுக்கும் இதே செட் போதும். அவை சற்று நீளமானவை என்பதால், வாய் விரிக்கும் டையையும் குண்டு பொருத்தும் டையையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். டைகளைத் திருகிப் பொருத்துவதற்கான மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 சுற்று என்ற பொது அளவில் உள்ளது. டையை அசையாமல் நிறுத்தும் பூட்டு வளையத்தின் சிறு திருகு நேரே மரையில் அழுந்தி அதைச் சிதைப்பதுதான் எனக்குப் பிடிக்காத ஒன்று. அதனால், பிளவை இறுக்கி மரையைச் சுற்றிப் பிடிக்கும் வகை வளையங்களை வாங்கி மாற்றிக்கொண்டேன்.