வாக்கா, கருத்தா, உழைப்பா? பழைய பேட்டைகளில் குடியிருப்பாளரை ஈடுபடுத்தும் மூன்று வழிகள்

குவீன்ஸ்டவுன், தோ பாயோ, அங் மோ கியோ போன்ற வட்டாரங்களின் பழைய புளோக்குகளில் (அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்புகளில்) கட்டடங்களோடு குடியிருப்பாளர்களும் முதுமையடைந்துள்ளனர். இவ்விடங்களைச் சீராக்கும்போது அங்கு வாழ்பவர்களை எப்படி உள்ளே கொண்டுவருவது என்பதற்குச் சிங்கப்பூரில் மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன.

முதலாவது வாக்கெடுப்பு. 2007ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டத்தின்படி, ஒரு புளோக்கில் தகுதிபெற்ற சிங்கப்பூர்க் குடிமக்களின் குடும்பங்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் ஆதரித்தால்தான் பணி தொடங்கும். பெயர்ந்து விழும் கான்கிரீட்டைச் சரிசெய்தல், கழிவுநீர்க் குழாய்களை மாற்றுதல் போன்ற அத்தியாவசியப் பணிகளின் செலவைக் குடிமக்களுக்காக அரசாங்கமே ஏற்கிறது. கழிவறைப் புதுப்பிப்பு முதலிய விருப்பப் பணிகளுக்கு வீட்டின் வகையைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடு வரை குடும்பங்கள் செலுத்துகின்றன. கூட்டத்தில் வாய் திறக்காதவரின் விருப்பமும் இங்கே எண்ணிக்கையில் சேர்கிறது என்பது பெரிய நன்மை. ஆயினும் ஆம், இல்லை என்பதைத் தாண்டி எதையும் சொல்ல இடமில்லை. நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைப் போல குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளாகவோ வாடகைக்கோ இருப்பவர்கள், அதே தாழ்வாரத்தில் பல ஆண்டுகள் நடந்திருந்தாலும், அந்த வாக்கில் இடம்பெறுவதில்லை.

இரண்டாவது வழி கருத்துத் திரட்டல். அதே 2007இல் வந்த அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம், வீட்டுக்குள் நுழையாமல், புளோக்குகளுக்கு இடையிலுள்ள பொது இடத்தைக் கவனிக்கிறது: கூரையுள்ள நடைபாதை, சாய்தளம், விளையாட்டுத் திடல், இருக்கைகள். செலவு முழுவதும் அரசாங்கத்தினுடையது. செயல்படுத்துவது நகர மன்றம். இங்கும் 75 விழுக்காட்டு ஆதரவு வேண்டும். ஆனால் அதற்கு முன்பே கூட்டங்கள், கருத்தாய்வுகள் வழியாகக் குடியிருப்பாளரின் தேவை கேட்கப்படுகிறது. என்னைப் பொறுத்தவரை இந்த வரிசைமுறையே இத்திட்டத்தின் உயிர். மழை பெய்தால் எந்த இடத்தில் நீர் தேங்குகிறது, சந்தையிலிருந்து தள்ளுவண்டியை இழுத்து வருபவர் எந்தப் படிக்கட்டில் திணறுகிறார், கீழ்த்தளத்தின் எந்த மூலையில் மாலைக் காற்று வருகிறது என்பதெல்லாம் வரைபடத்தில் தெரியாது. அங்கேயே வாழ்பவருக்குத்தான் தெரியும்.

ஆனால் கேட்கும் முறையில் குறை நேர்ந்தால் இந்த நன்மை முழுவதும் வீணாகிறது. நான் கலந்துகொண்ட ஒரு விளக்கக் கூட்டத்தில் திரையில் ஓடிய படங்களும் கேள்விகளும் ஆங்கிலத்திலேயே இருந்தன. என் தளத்தில் வசிக்கும் முதிய அம்மா ஒருவர் இறுதிவரை பேசாமல் அமர்ந்திருந்துவிட்டு, மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது, “அந்த நடைபாதை எங்க புளோக் வாசலுக்கு முன்னாடியே முடிஞ்சுடுதே தம்பி, யாரும் பாக்கலையா?” என்று கேட்டார். அன்று மாலை சொல்லப்பட்ட கருத்துகளிலேயே பயனுள்ளது அதுதான். அது எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. கூட்டத்தைவிட, தமிழும் மலாயும் சீனமும் பேசத் தெரிந்தவர்களோடு புளோக்கைச் சுற்றி நடந்துகொண்டே கேட்பது நல்லது என்று அன்றிலிருந்து வலியுறுத்தி வருகிறேன்.

மூன்றாவது வழி கைகளைக் கேட்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய சமூகத் தோட்ட இயக்கத்தில் குடியிருப்பாளர்களே நட்டு, நீரூற்றி, அறுவடை செய்கின்றனர். கறிவேப்பிலையையும் முருங்கையையும் வளர்த்துப் பழகிய பாட்டிக்கு இங்கே மொழி தடையல்ல. அவர் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவராகிறார். குறையும் வெளிப்படையானது: ஈடுபடுபவர் சிலரே. பொறுப்பாக இருந்தவர் வேறு வட்டாரத்துக்கு மாறிவிட்டால் பாத்திகள் காய்ந்துவிடுகின்றன. தோட்டம் எவ்வளவு செழித்தாலும் கான்கிரீட் விரிசலை அது அடைக்காது.

தமிழ்நாட்டின் ‘நமக்கு நாமே’ திட்டம் போல மக்களிடம் செலவில் ஒரு பங்கைத் திரட்டுவது நான்காவது வழியாக இங்கும் பேசப்படலாம். உரிமையுணர்வை அது வளர்க்கும். எனினும் ஓய்வுபெற்றவர்கள் மிகுந்த புளோக்கில் பணம் தர இயலாதவரின் குரல் தாழ்ந்துவிடும் என்பதால் அதை நான் ஆதரிக்கவில்லை.

வீட்டின் உட்பகுதிக்கு வாக்கெடுப்பே பொருத்தம். பொது இடத்துக்குக் கருத்துத் திரட்டலை நான் தேர்வேன், ஆனால் அதற்கு ஓராண்டு முன்பே அங்கு ஒரு தோட்டத்தைத் தொடங்கிய பிறகு. பாத்தியருகே ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துப் பழகியவர்கள் இருந்திருந்தால், அந்த அம்மாவின் கேள்வி மின்தூக்கி வாசல்வரை காத்திருந்திருக்காது; பக்கத்து இருக்கையில் அமர்ந்தவரே அதை எழுந்து கேட்டிருப்பார்.