ஐந்து மணி எண்ணிக்கையா, காலைப் பெரட்டா?

கோவிட் காலத்தில் மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்ட நகரத்துக்கு அரசாங்கத்தின் எச்சரிக்கை முக்கியமாக மூன்று வழியில் வந்து சேர்ந்தது: டிவி, கைப்பேசி, காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது) மண்டோரின், அதாவது கங்காணியின், வாய். இதில் எதைக் கேட்டு ஆட்கள் நடந்துகொண்டார்கள்?

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும், சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா மாலை ஐந்து மணிக்கு வாசிக்கும் தொற்று எண்ணிக்கைக்காக வீடே காத்திருந்தது. தினமும் அதே ஆள், பதறாத குரல். நம்பிக்கை அப்படித்தான் வந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தால் கிருமி வயிற்றுக்குள் இறங்கிச் செத்துவிடும் என்று அப்போதைய சுகாதார அமைச்சரே டிவியில் சொல்லியும் அது குலையவில்லை. ஆனால் எண்ணிக்கை சீக்கிரம் பழகிப்போய்விடும். நூற்றுச் சொச்சம் பேருக்கே நடுங்கிய ஊர், 2021 ஆகஸ்டில் ஒரே நாளில் 24,000-ஐத் தாண்டியபோது சேனலை மாற்றிவிட்டது.

சரி, நம் பக்கத்து நிலவரம் தெரிய வேண்டுமா? அதற்கு மைசெஜாத்ரா என்ற அரசாங்கக் கைப்பேசிச் செயலி. ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் எத்தனை தொற்று என்று அப்போது காட்டியது. பட்டணத்துக்கு நல்ல ஏற்பாடு. செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் பெரும்பாலும் மரங்கள்தான். இங்கே ஆபத்து இருந்தது ஒரே லாரியில் நெருக்கியடித்து வேலைக்குப் போவதில். அதை எந்தச் செயலியும் காட்டாது. தடுப்பூசித் தேதி பார்க்க மட்டும் உதவியது, அதுவும் பாட்டிகளுக்குப் பேரப்பிள்ளைகள் தட்டிப் பார்த்துச் சொன்னால்தான்.

தோட்ட வேலை நிற்காததால் காலைப் பெரட்டும் நிற்கவில்லை. "காய்ச்சல் இருந்தா லாரியில ஏறாதே, கிளினிக்குப் போ." மண்டோர் சொன்னது அவ்வளவுதான். அரசாங்க வானொலியான மின்னல் எப்எம் தமிழில் எவ்வளவு அழகாக விளக்கினாலும் வங்காளதேசத் தொழிலாளிக்கு எட்டாது. மண்டோரின் அரைகுறை மலாய் எட்டியது. அதைவிட முக்கியம், அங்கே திருப்பிக் கேட்கலாம். "காய்ச்சல்னு சொன்னா சம்பளம் போயிடுமா மண்டோரே?" பலரும் காய்ச்சலை மறைத்தது அறியாமையால் அல்ல, இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காததால். ஐந்து மணிச் செய்தியில் அதற்கு இடமே இல்லை.

என் ஓட்டு பெரட்டுக்குத்தான், ஒரு நிபந்தனையோடு. செம்பனைக் குலை வெட்டும் அன்றைய கணக்கை முடிக்க ஆள் தேவைப்படும் மண்டோர், காய்ச்சல்காரனை வீட்டுக்கு அனுப்பத் தயங்குவார். ஆகவே அறிவிப்பைச் சொல்ல வேண்டியவர் தோட்டக் கிளினிக்கில் மருந்து கொடுப்பவர். சம்பளம் உண்டா இல்லையா என்பதை நிர்வாகம் எழுதி, பெரட்டுக் களத்திலேயே ஒட்ட வேண்டும்.