38,500 ரூபாய்க்குப் பழைய பயர்வால்: கும்பகோணம் பக்கம் இருப்பவர்கள் பார்த்து வாங்குங்கள்

38,500 ரூபாய். பணம் அனுப்பிய ரசீது போனில் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சின்ன அலுவலகத்துக்குப் பயர்வால் (இன்டர்நெட் வழியாக வேண்டாதவர்கள் உள்ளே நுழையாமல் தடுக்கும் பெட்டி) எப்படிப் போட வேண்டும் என்றும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். கடையின் பெயர் இப்போது வேண்டாம். கம்ப்யூட்டர், சிசிடிவி, யுபிஎஸ் விற்கும் கடை, அவ்வளவுதான்.

எங்களுடையது ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும் அலுவலகம். ஐந்து கம்ப்யூட்டர், அதில் ஒன்றில்தான் டேலி என்கிற கணக்கு மென்பொருள் மொத்தமும். பாத்திரக் கடை, அரிசி ஆலை, உரக்கடை என்று எத்தனையோ பேருடைய பான் எண்ணும் வங்கி விவரமும் அதற்குள் கிடக்கிறது. கணக்கெழுதும் பெண் ஒருவர் மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறார். மாத விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாளான பதினோராம் தேதி நெருங்கும்போதாவது வீட்டிலிருந்து பார்க்கட்டும் என்று ஸ்டாடிக் ஐபி, அதாவது மாறாத இன்டர்நெட் முகவரி, வாங்கினோம். இன்டர்நெட்காரர் கொடுத்த மோடத்தை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு பயர்வாலும் போட்டுவிடலாம் என்று ஜூன் மாதம் அந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் உட்காரவைத்துக் காபி வரவழைத்தார். "சார், ஊரே உங்களை நம்பிக் கணக்கைக் கொடுக்குது. உங்களுக்குப் போய் சாதா ரூட்டரைத் தள்ளிவிடுவேனா? இது பேங்க்ல போடுற பொருள். புதுப் பீஸ், மூணு வருஷ லைசென்ஸோட." பெட்டியில் கம்பெனி பெயர் அச்சடித்த டேப் ஒட்டியிருந்தது. என் கண் முன்னாலேயே பிளேடால் கீறித் திறந்தார். உள்ளே பாலிதீன் உறை, மடிப்புக் கலையாத ஒயர். இதற்கு மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

கடைப் பையன் வந்து அரைமணி நேரத்தில் மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது, மன்னார்குடியில் டேலி திறந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

முதல் உறுத்தல் ஜூலை 14 அன்று. நமக்கு விற்றவர்கள் கணக்கில் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி எடுத்துப் பார்த்தால் அந்த பில்லையே காணோம். விலை 32,627, வரி 5,873 என்று பிரித்துப் போட்டு வாங்கியவர் அதைக் கணக்கிலேயே காட்டவில்லை. ஜிஎஸ்டி ஆபீஸுக்கே இந்த வேலை! போன் செய்தேன். "ஆடிட்டர் விட்டிருப்பார் சார், அடுத்த மாசம் வந்துரும்" என்றார்.

ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வந்த பாத்திரக் கடைக்காரர் மகன் பெங்களூரில் நெட்வொர்க் வேலை பார்க்கிறார். பயர்வாலைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் என்றேன். முதல் பக்கத்திலேயே சிவப்பு எழுத்து: லைசென்ஸ் 2021-இல் முடிந்துவிட்டது. அடியில் ஒட்டியிருந்த சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரிடம் கேட்டால், வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது, அவர்கள் விடுவிக்காமல் மாற்ற முடியாது என்கிறார்கள். எங்கோ கழித்துப் போட்ட பெட்டிக்குப் புது டேப். அதற்கு 38,500!

அதைவிடக் கொடுமை, மாட்டிய விதம். பாஸ்வேர்டு மாற்றவில்லை. பயர்வாலின் அமைப்புகளை மாற்றும் நிர்வாகப் பக்கம் இன்டர்நெட்டிலிருந்தும் திறக்கும்படி இருந்தது. 3389 போர்ட்டை, அதாவது வெளியிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலை, உலகத்துக்கே திறந்து நேராக டேலி கம்ப்யூட்டருக்கு அனுப்பியிருந்தான். மடையைத் திறந்துவிட்டு வரப்பைப் பூசின கதை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைத் திறந்து காட்டினார். 4625, 4625, 4625 என்று ஒரே எண். தப்பான பாஸ்வேர்டோடு யாரோ நுழையப் பார்த்தால் விழும் பதிவு அது. அட்மின், டெஸ்ட், ஸ்கேனர் என்று விதவிதமான பெயர்களில் விடிகாலை மூன்று மணிக்குக்கூட ஓயாமல் தட்டியிருக்கிறார்கள். உள்ளே யாரும் வந்த தடயம் கிடைக்கவில்லை. வந்திருந்தால் டேலி மொத்தத்தையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டிருப்பார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. "லைசென்ஸ் தானா அப்டேட் ஆகும், ஆன்லயே விட்டு வைங்க." பிறகு, "லைசென்ஸ் இல்லாட்டியும் பயர்வால் ஓடும் சார்." அடிப்படை வேலை ஓடும், அது உண்மைதான். ஆனால் வைரஸ் வடிகட்டல், தாக்குதலை அடையாளம் காண்பது, புது மென்பொருள் எல்லாம் நின்றுபோகும், பழைய ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். நான் காசு கொடுத்தது அந்த மூன்று வருஷத்துக்குத்தானே? நேரில் போனால் பையன், "ஓனர் மெட்ராஸ் போயிருக்காரு" என்கிறான். உள் அறையில் அவர் போன் பேசும் குரல் கேட்கிறது! திரைச்சீலையை விலக்கிக் கேட்டதும், "பெட்டியைப் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்றார். பிரித்தது யார்? கடைசியில், "அடுத்து ஏதாவது வாங்குறப்ப கழிச்சுக்கலாம் சார்." இன்னொரு தடவை வேறு வாங்க வேண்டுமாம்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தாயிற்று. அடுத்து தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. தொழிலுக்கு வாங்கியதற்கு நுகர்வோர் புகார் செல்லாது என்று கடைக்காரர் இப்போது சட்டம் பேசுகிறார். சொந்தப் பிழைப்புக்குச் சுயதொழில் செய்பவர் வாங்கியதற்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, அதை ஆணையத்தில் பேசிக்கொள்ளலாம்.

வாங்கப் போகிறவர்களுக்கு: பணம் கொடுக்கும் முன் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரிடம் சரிபாருங்கள், லைசென்ஸ் உங்கள் பெயரில் ஏறியதைத் திரையில் பாருங்கள். சீரியல் எண் இல்லாத பில்லை வாங்காதீர்கள். 3389-ஐத் திறக்கச் சொன்னால் ஆளை அனுப்பிவிடுங்கள், வீட்டிலிருந்து வேலை என்றால் விபிஎன் (அலுவலகத்துக்கு மட்டுமான பூட்டிய தனி இணைப்பு) வழியாக மட்டும். நிர்வாகப் பக்கம் இன்டர்நெட் பக்கம் தெரியக் கூடாது. பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். டேலி பேக்கப் ஒன்று கழற்றி வைத்த டிஸ்க்கில் இருக்கட்டும். மீதியை அப்புறம் எழுதுகிறேன், நாளை பதினோராம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.