பி.டி.ஓ. சுற்றுவதைப் பார்க்காமல் சிஜே-2ஏ வாங்காதீர்கள்

பழைய வில்லிஸ் ஜீப் மேல் ஆசை உள்ளவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "1946 சிஜே-2ஏ. கம்பெனி பி.டி.ஓ., கவர்னர் இரண்டும் உண்டு, எல்லாம் ஓடும் நிலையில்" என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். (பி.டி.ஓ. என்பது எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டும் இயந்திரத்துக்குக் கொடுக்கும் அமைப்பு; கவர்னர் என்பது சுமை ஏறி இறங்கினாலும் எஞ்சின் வேகத்தை ஒரே அளவில் வைக்கும் கருவி.) வந்து இறங்கியது வேறு.

1945 முதல் 1949 வரை இந்த மாடல் 2 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதனால் வண்டி கிடைப்பது பெரிய விஷயமில்லை. ராணுவ ஜீப்பைப் பண்ணை வேலைக்கு ஏற்றபடி மாற்றி வில்லிஸ் விற்ற வண்டி இது. கலப்பை இழுக்கும், பின்னால் மாட்டிய இயந்திரத்தையும் ஓட்டும். ஆனால் பி.டி.ஓ.வும் கவர்னரும் தனிக் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டவை. அவை இன்றுவரை கழற்றப்படாமல் இருப்பதுதான் அபூர்வம். விலை ஏறுவதும் அதனால்தான், ஏமாற்றுபவர்கள் கைவைப்பதும் அங்கேதான்.

என் வண்டியின் பின்புறம் பி.டி.ஓ. கியர்பாக்ஸ் புது பெயின்ட்டில் பளபளக்கிறது. அடியில் படுத்து டார்ச் அடித்தால், டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்பக்கம் வெறும் வட்ட மூடி. பி.டி.ஓ. யூனிட் அந்த மூடியின் இடத்தில்தான் உட்கார வேண்டும், அங்கிருந்து ஒரு ஷாஃப்ட் பின்னால் போக வேண்டும். இரண்டுமே இல்லை. மூடியைச் சுற்றிப் பல வருட எண்ணெய் அழுக்கு அப்படியே இறுகிக் கிடக்கிறது. அங்கே யாரும் எதையும் கழற்றியதே இல்லை! கவர்னரும் இதே கதைதான். டேஷ்போர்டில் கைப்பிடி இருக்கிறது, அதன் கேபிள் பானட்டுக்குள் வந்து ஒரு கம்பியில் கட்டப்பட்டிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் எதுவும் இல்லை.

அப்புறம் ஆக்ஸில். சிஜே-2ஏவுக்கு 5.38 விகிதம், ராணுவ ஜீப்பான எம்பி மாடலுக்கு 4.88. இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கி, சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றினால் புரொப்பல்லர் ஷாஃப்ட் (ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுவரும் தண்டு) ஐந்து சுற்றைத் தாண்டிச் சுற்ற வேண்டும். இதில் ஐந்துகூட முழுதாக வரவில்லை. மெதுவாக ஊர்ந்து இழுக்கும் பலம்தான் இந்த வண்டியின் உயிர், அதையே எடுத்துவிட்டார்கள்.

விற்றவரிடம் கேட்டேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்றார். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றும் சொல்லிவிட்டார். இப்போது போனையே எடுப்பதில்லை.

வாங்கப் போகிறவர்கள் வெட்டாத ஒரே வீடியோ கேளுங்கள்: எஞ்சின் ஓட வேண்டும், லீவரைப் போட்டதும் பின் தண்டு சுற்ற வேண்டும், அதே வீடியோவில் கேமரா வண்டிக்கு அடியிலும் போக வேண்டும். மழுப்பினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். அந்த மூடி, கேபிள் படங்கள் என்னிடம் இருக்கின்றன. கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.