ஊதாத் தக்காளி: தோலிலா, சதையிலா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கின கத்தரிக்காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஊதா முழுக்கத் தோலோடு நிற்கும், உள்ளே வெள்ளை. அந்த ஊதா அந்தோசயனின் என்ற நிறமி, பிளேவனொயிட் என்ற தாவரச் சேர்மக் குடும்பத்துப் பிள்ளை. தோலைச் சீவி எறிகிற வீட்டில் அதுவும் போச்சு.

தக்காளியில் பிளேவனொயிட்டைக் கூட்ட எடுத்த முயற்சிகளையும் நான் இந்தக் கத்தரிக்காயை வைத்துத்தான் அளக்கிறேன்.

2001இல் பெற்றூனியாப் பூச்செடியின் நொதிய (என்சைம்) மரபணு ஒன்றைத் தக்காளிக்குள் வைத்தார்கள். தோலில் பிளேவனொல் என்ற பிளேவனொயிட் வகை 78 மடங்கு வரை ஏறியது. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏறியது தோலில். பிளேவனொயிட் பல நொதியங்கள் வரிசையாக நின்று செய்கிற வேலை. தோலில் ஓரிடத்தில்தான் அடைப்பு. சதையிலோ வரிசையின் தொடக்கமே தூக்கம். கிணறு வற்றிக் கிடக்க வாய்க்காலைத் திருத்தி என்ன செய்வது?

2008இல் இங்கிலாந்தின் ஜோன் இன்னஸ் தாவர ஆய்வு நிலையத்தில் கேத்தி மார்ட்டின் குழு வேறு விதமாக யோசித்தது. ஸ்னாப்டிராகன் பூவிலிருந்து அவர்கள் எடுத்த இரண்டு மரபணுக்களும் நொதியத்துக்கானவை அல்ல. முழு வரிசையையும் தட்டி எழுப்புகிற கங்காணிகள். காய் பழுக்கும்போது மட்டும் அவை விழிக்கும்படி வைத்தார்கள். பழம் உள்ளேயும் ஊதா! புற்றுநோய் எளிதில் பற்றும் எலிகளுக்கு அந்தப் பழத்தூளைத் தீனியில் கலந்து கொடுத்தபோது சராசரி ஆயுள் 142 நாளிலிருந்து 182 நாளானது. எலிக்குச் சரி, மனிதருக்கும் அப்படியே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024இல் அமெரிக்காவில் வீட்டுத்தோட்டக்காரருக்கே இந்தத் தக்காளியின் விதை விற்பனைக்கு வந்துவிட்டது. இலங்கைக்குள் மரபணு மாற்றிய உணவு வர அனுமதி வேண்டும்.

மரபணுவைத் தொடாத போட்டியாளர் இண்டிகோ ரோஸ். காட்டுத் தக்காளி இனங்களோடு கலந்து ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2012இல் வெளியிட்டது. வெயில் படுகிற பக்கம் கறுப்பாகும்; காம்போடு ஒட்டிய இதழைத் தூக்கினால் அதன் கீழே நிழல் விழுந்த இடம் நட்சத்திர வடிவில் நிறம் ஏறாமல் இருக்கும். வெட்டினால் உள்ளே சாதாரணச் சிவப்பு. கத்தரிக்காய்க் கதைதான்.

மதுவத்துக்குள் (ஈஸ்ட்) தாவர மரபணுக்களை வைத்துச் சீனியிலிருந்து நரின்ஜெனின் என்ற பிளேவனொயிட்டை எடுக்கிற வழியும் உண்டு. மருந்துக் கம்பனிக்கு அது நல்லது, கறிச்சட்டிக்கு ஆகாது.

சத்துக்கணக்கில் ஸ்னாப்டிராகன் தக்காளிக்குத்தான் என் வாக்கு. நம்முடைய முற்றத்துக்கு இண்டிகோ ரோஸ் போதும், விதையையும் எடுத்து வைக்கலாம். வெயிலுக்கு யாழ்ப்பாணத்தில் பஞ்சமில்லை, ஆனால் கடும் வெக்கையில் அந்தோசயனின் குறையும். மாரி விட்டதும் நடுவது நல்லது. அப்புறம், ரசத்துக்கென்று கொதிநீரில் போட்டுத் தோலை உரித்துவிடாதீர்கள்.