பழுப்புக்காதா, மஞ்சள் கொண்டையா? ககமேகாவின் இரு மரங்கொத்திகள்

மேற்கு கென்யாவின் ககமேகா மழைக்காட்டில் இரண்டையும் பார்க்கலாம். தேடும் விதம்தான் வேறு.

மஞ்சள் கொண்டை பெரியது, சுமார் 25 செ.மீ. முகத்தில் வெள்ளைக் கோடுகள். ஆணின் உச்சந்தலையில் மஞ்சள் பூச்சு. பெண்ணுக்கு அது கிடையாது. மரப்பட்டையைப் பெயர்த்து, மரத்தைக் குடைந்து வண்டுப் புழுக்களை எடுக்கும். அதனால் 'டொக் டொக்' சத்தம் வந்தால் நின்று மேலே பாருங்கள். பெரும்பாலும் உயர்ந்த கிளைகளில்தான் இருக்கும். நிழல்மரங்கள் உள்ள காப்பித் தோட்டத்துக்கும் வரும்.

பழுப்புக்காது அப்படி எளிதில் சிக்காது. 18 செ.மீ. அளவு, பச்சை கலந்த உடல். வயிற்றுப்பக்கம் நெருக்கமாக வெளிர்மஞ்சள் புள்ளிகள், இலைகளுக்கு நடுவே வெயில் சிந்தியதுபோல. கண்ணுக்குப் பின்னால் அந்தப் பழுப்புத் திட்டு. அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். முக்கிய உணவு எறும்பு. பாசி படிந்த கிளைகளில் சத்தமின்றிப் பொறுக்கித் தின்னும், கொத்துவது குறைவு. சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? காதால்தான். நீண்டு இழுக்கும் சோகமான ஒற்றைச் சீழ்க்கை அதன் குரல். அப்புறம், பல இனப் பறவைகள் கூட்டமாக இரை தேடிப் போகும்போது அதற்குள்ளும் தேடுங்கள்.

கானா பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அங்கே மஞ்சள் கொண்டை கிடையாது.

ஒரே காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது என்றால் நான் பழுப்புக்காதுக்காகத்தான் காத்திருப்பேன்.