86,500 ரூபாய் போனது, லொறியில் கெட்டிருந்தது ஒரு வயர்

திருகோணமலையில் பழைய லொறி வைத்திருக்கிற எல்லாரும் இதை வாசியுங்கள். கை இன்னும் நடுங்குகிறது. ஆறிய பிறகு எழுதலாம் என்றால், ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. 86,500 ரூபாய். லைட் எரிகிற, ஹோர்ன் அடிக்கிற லொறி ஏன் ஸ்டார்ட் எடுக்கவில்லை என்று எப்படிப் பார்ப்பது, கடையில் என்ன கேட்பது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

என்னுடையது 1994 இசுசு எல்ஃப், 24 வோல்ட். அப்பா ஓடிய லொறி. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றி இரவோடு இரவாகப் பேலியகொடைச் சந்தைக்குக் கொண்டுபோகிறோம். போன கிழமை செவ்வாய்க்கிழமை பின்னேரம், பெட்டியெல்லாம் ஏற்றி ஐஸ் போட்டு முடிந்ததும் சாவியைத் திருப்பினேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பத் திருப்பினேன், டிக். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. மீனை வேறு லொறிக்கு மாற்றி, அந்த வாடகையும் நான்தான் கொடுத்தேன். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மறுநாள் காலை தள்ளி ஸ்டார்ட் எடுத்து, ஸ்டார்ட்டர் மோட்டரும் டைனமோவும் திருத்துகிற ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெயர் எழுதவில்லை. பின்னுக்குத் தட்டுத் தட்டாகப் பழைய மோட்டர்கள் அடுக்கி வைத்திருக்கிற கடை.

அங்கே நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கடைக்காரர் முதலில் பிளேன்ரீ வரவழைத்தார். "உங்கட அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும். நல்ல மனுசன். உங்களுக்குப் போய்ப் பிழையான வேலை செய்வனா?" என்று தோளில் கை வைத்தார். அப்பா போய் இரண்டு வருசம். அவர் பெயரைச் சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பிறகு பாஸை, அதாவது கடை மெக்கானிக்கை, லொறிக்குக் கீழே அனுப்பி, ஸ்டார்ட்டரில் இருக்கிற இரண்டு போல்ட்டையும் ஸ்குரூ டிரைவரால் குறுக்கே தொடச் சொன்னார். சடசடவென்று பொறி பறந்தது, மோட்டர் சுற்றவில்லை. "பார்த்தீங்களா, கரண்ட் வருது, மோட்டர் சுத்தல. செத்துட்டுது. பத்திரகாளி அம்மன் அறியச் சொல்றன், இதைத் திருத்த ஏலாது." கண்ணுக்கு முன்னால் பொறியைப் பார்த்தேன், நம்பினேன். வேறு யாரிடமும் காட்டவேண்டும் என்று தோன்றவே இல்லை.

ரிக்கண்டிஷன் ஸ்டார்ட்டர் 68,000. சாவி சுவிட்சும் பழசு, அதையும் மாற்றினால் நிம்மதி என்று 6,500. கூலி 12,000. மொத்தம் 86,500. பில் கேட்டேன். "நமக்குள்ள என்ன பில்" என்று கலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். பழைய ஸ்டார்ட்டரைக் கேட்டேன். இரும்புக்குப் போட்டாயிற்று என்றார்.

லொறி வியாழனும் வெள்ளியும் ஒரே பிடியில் ஸ்டார்ட் எடுத்தது. சனிக்கிழமை கந்தளாயில் தேத்தண்ணிக்கு நிறுத்திவிட்டு ஏறினால், அதே டிக். லோடோடு நிற்கிறேன். அங்கே நின்ற பொடியன்கள் ஆறு பேர் தள்ளித்தான் எடுத்தது. பேலியகொடை போய்த் திரும்பும்வரைக்கும் எஞ்சினை நிறுத்தவில்லை.

அன்றைக்கே போன் எடுத்தேன். "பற்றரி வீக் போல, சார்ஜ் போட்டுப் பாருங்க." பற்றரி இரண்டும் இந்த வருசம் வாங்கியவை. ஞாயிறு எடுத்தேன், கியர் நியூட்ரலில் இருந்ததா என்று என்னைக் கேட்கிறார். இருபது வருசமாக லொறி ஓடுகிற என்னை. திங்கள் நேரே போனேன். பாஸ் ஊருக்குப் போய்விட்டார், நாளைக்கு வாங்க என்றார்கள். செவ்வாய் போனால், "கரண்ட் சாமானுக்கு வாரண்டி குடுக்கிறதில்லை, எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே." ஊருக்குப் போன பாஸ் அந்த நேரம் பின்னுக்கு இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 86,500 ரூபாய் வாங்கிய மனுசன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நேற்றுக் கிண்ணியாவில் வயரிங் வேலை செய்கிற ஒரு நானாவிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு போல்ட்டையும் கழற்றவில்லை. என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, முன்னுக்கு நின்று ஹெட்லைட்டையே பார்த்தார். "தம்பி, மங்கவே இல்ல. அப்ப கரண்ட் மோட்டருக்குச் சரியாப் போகல." பற்றரி இறங்கியிருந்தாலோ மோட்டர் இறுகியிருந்தாலோ, திருப்பும்போது லைட் அப்படியே மங்கிப் போகுமாம். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பற்றரி நெகட்டிவில் வைத்தார், மற்றதை எஞ்சின் பிளொக்கில் சுரண்டி வைத்தார். திரும்பத் திருப்பினேன். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாத இடத்தில் 11 வோல்ட் காட்டியது.

அப்புறம் என் கையைப் பிடித்து அக்சிலேட்டர் கேபிளில் வைத்தார். சுட்டது. பற்றரியின் நெகட்டிவ் செஸிக்கு, அதாவது லொறியின் இரும்பு அடிச்சட்டத்துக்கு, வருகிறது. செஸியிலிருந்து எஞ்சினுக்கு ஒரு தட்டையான பின்னல் செப்பு வயர் போகிறது, அதுதான் எஞ்சினுக்கு ஏர்த், கரண்ட் பற்றரிக்குத் திரும்புகிற பாதை. லைட்டுக்கெல்லாம் செஸி போதும், அதனால் அவை எரியும். ஸ்டார்ட்டருக்கு எஞ்சின் வழியாகத்தான் பாதை. அந்த வயர் உளுத்துப்போனதால் கரண்ட் வேறு வழி தேடிக் கேபிளுக்குள்ளால் ஓடியிருக்கிறது. மீன் பெட்டித் தண்ணீர் வருசக் கணக்காக அதில்தான் வடிந்திருக்கிறது. நானா இழுத்ததும் பச்சைத் தூளாக உதிர்ந்தது.

ஜம்பர் கேபிள் ஒன்றைப் பற்றரி நெகட்டிவிலிருந்து நேரே எஞ்சினுக்குக் கொடுத்தார். திருப்பினேன், உடனே எடுத்தது. வெல்டிங் கேபிள் துண்டு ஒன்றில் லக் அடித்து, செஸியில் துருவைச் சுரண்டிப் பூட்டித் தந்தார். 2,500 ரூபாய் வாங்கினார். நடுவில் இரண்டு நாள் ஏன் ஓடியது என்று கேட்டேன். ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பூட்டும்போது பக்கத்தில் இருந்த அந்த வயர் ஆடி, கொஞ்ச நாளைக்குப் பிடித்திருக்கும் என்றார். அந்த ஸ்குரூ டிரைவர் பொறியும் அப்படித்தான். ஏர்த் இல்லாவிட்டால் நல்ல மோட்டரும் சுற்றாது. ஸ்டார்ட்டர் திருத்தியே பிழைக்கிற கடைக்கு இது தெரியாதா?

இன்று காலை காசைத் திருப்பிக் கேட்கப் போனேன். தரவில்லை. ஆனால் தட்டில் என் பழைய ஸ்டார்ட்டர் இருந்தது. புதுசாகச் சில்வர் பெயின்ற் அடித்து, போல்ட் தலைக்கும் ஒட்டியிருந்த மண்ணுக்கும் மேலாலேயே அடித்து வைத்திருக்கிறார்கள். பின் மூடியில் அப்பா அரத்தால் கீறிய கூட்டல் குறி பெயின்றுக்கு மேலால் தெரிகிறது. இரும்புக்குப் போன சாமான். அது என்னுடையது என்றேன், "எல்லா மோட்டரும் ஒரே மாதிரித்தான் அண்ணே" என்றார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். கலண்டர் தாள்தான் இருக்கிறது.

சரி, சொல்வதாகச் சொன்னது. ஐஸ் ஏற்றக் கூப்பிடுகிறார்கள், சுருக்கமாகத்தான் முடியும். லைட் மங்காமல் டிக் என்று மட்டும் கேட்டால், நியூட்ரலில் போட்டு, கை பிரேக் பிடித்து, செஸிக்கு வயர் போகிற பற்றரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு ஒரு ஜம்பர் கொடுத்துப் பாருங்கள். பொஸிட்டிவில் வயர் பட்டுவிடாமல் கவனம். பில் தராத இடத்தில் காசு கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய சாமானைக் கையோடு வாங்குங்கள். மீன் லொறிக்காரர் அந்த ஏர்த் வயரை இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

பின் மூடியில் கூட்டல் குறி போட்ட, சில்வர் பெயின்ற் அடித்த எல்ஃப் ஸ்டார்ட்டரை யாராவது ரிக்கண்டிஷன் என்று உங்களுக்கு விற்க வந்தால், அதில் ஒரு பழுதும் இல்லை. அது என் அப்பாவுடையது.